குடும்பப் படங்களைச் சேர்த்து, இரட்டைகளை நீக்கி, பத்திரப்படுத்த: முழுமையான வழிகாட்டி

போனில் இடம் இல்லை என்று திரையில் வந்தவுடன் எல்லோரும் செய்கிற முதல் வேலை, உட்கார்ந்து படங்களை அழிப்பது. நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும்போதும், டாக்டரிடம் டோக்கன் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போதும் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி அழிப்பார்கள். அப்படி அழியும்போது போவது பெரும்பாலும் அசல் படம்; தங்குவது வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த நகல். அசல் 4 எம்பி இருக்கும், நகல் 200 கேபி இருக்கும். அதிகம் இடம் பிடிப்பதைத்தானே கை முதலில் தேடும்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். முதலில் சேர்ப்பது, அப்புறம் முழுசாக ஒரு நகல் எடுப்பது, அதற்குப் பிறகே இரட்டைகளை வடிப்பது, பெயர் வைப்பது, பிரித்து அடுக்குவது. போனிலிருந்து அழிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. மென்பொருள் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் படங்கள் சிதறிக் கிடக்கிற விதமே தனி. பாதிப் படம் துபாயிலோ மஸ்கட்டிலோ வேலை பார்க்கும் அத்தானின் போனில் இருக்கும். கல்யாணப் படம் டிவிடியில், பால்காய்ச்சுப் படம் யாரோ கொடுத்த பென் டிரைவில், பிள்ளைகளின் சின்ன வயதுப் படங்கள் உடைந்துபோன பழைய போனின் மெமரி கார்டில். பாட்டி தாத்தா படம் சுவரில் சட்டத்துக்குள், ஈரம் பட்டுக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு. இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

என்னென்ன வேண்டும்

ஒரு கணினி, இரண்டு வெளி ஹார்டு டிஸ்க். பழைய லேப்டாப் போதும், வேகம் குறைந்தாலும் பரவாயில்லை. போனை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியாது. சொந்தமாகக் கணினி இல்லாவிட்டால் சில ஞாயிற்றுக்கிழமைகளுக்கு யாரிடமாவது கடன் வாங்குங்கள்.

எவ்வளவு பெரிய டிஸ்க்? ஒரு படம் சராசரியாக 4 எம்பி என்று வைத்தால் 1 டிபியில் (1000 ஜிபி) சுமார் இரண்டரை லட்சம் படங்கள் அடங்கும். படம் ஒரு பிரச்சினையே இல்லை, வீடியோதான் இடத்தைத் தின்னும். 4கே தரத்தில் எடுத்தால் ஒரு நிமிடத்துக்கு 170 எம்பியிலிருந்து 400 எம்பி வரை போகும். அம்மன் கோவில் கொடையில் வில்லுப்பாட்டை ராத்திரி முழுக்கப் பதிவு செய்து வைத்திருக்கிறவர் 2 டிபி டிஸ்காக வாங்குவது நல்லது.

புது டிஸ்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். விண்டோஸ், மேக் இரண்டிலும் படிக்கும். ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபியைத் தாண்டிய வீடியோ ஃபைலை அது ஏற்காது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்பதால் காலி டிஸ்கில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

பென் டிரைவை நிரந்தர இருப்பிடமாக நினைக்காதீர்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் அது. மின்சாரமே படாமல் வருடக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் பென் டிரைவும், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்கும் உள்ளே இருப்பதை மெல்ல இழக்கக்கூடும். அலமாரியில் தூங்கப்போகிற நகலுக்குப் பழைய பாணி ஹார்டு டிஸ்கே நல்லது, விலையும் குறைவு.

படி 1: எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொட்டுங்கள்

முதல் டிஸ்கில் ‘வரவு’ என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். அதற்குள் படம் எங்கிருந்து வந்ததோ அந்தப் பெயரில் தனித்தனி ஃபோல்டர்: அம்மா போன், பழைய கேமரா கார்டு, கல்யாண டிவிடி, அத்தான் போன். இந்தக் கட்டத்தில் எதையும் பிரிக்க வேண்டாம், பெயர் மாற்ற வேண்டாம். கட் செய்து ஒட்டாமல் காப்பி மட்டுமே செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனால் கட் செய்தது எங்கே நிற்கிறது என்று தெரியாது.

இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கேமராக்கள் 9999 வரை எண் போட்டுவிட்டு மறுபடியும் 0001-இல் தொடங்கும். கார்டை மாற்றினாலும் சில கேமராக்கள் முதலிலிருந்து எண்ணும். ஆகவே ஒரே பெயருள்ள இரண்டு ஃபைல்கள் முற்றிலும் வேறு வேறு படங்களாக இருக்கலாம். ‘இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றி எழுதவா’ என்று கணினி கேட்டால் ஒருபோதும் சரி என்று அழுத்தாதீர்கள். ஒவ்வொரு கார்டுக்கும் தனி ஃபோல்டர் போடச் சொன்னது இதற்காகத்தான்.

ஆண்ட்ராய்டு போனில் கேமரா படங்கள் டிசிஐஎம் என்ற ஃபோல்டரில் இருக்கும். யூஎஸ்பி வயரில் இணைத்து, போனில் ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கணினியில் தெரியும். வாட்ஸ்அப் படங்கள் வேறிடம்: ஆண்ட்ராய்டு 11-க்குப் பிந்தைய போன்களில் ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’, அதற்குள் வாட்ஸ்அப்பின் ஃபோல்டர். அதில் ‘சென்ட்’ என்று ஒன்று இருக்கும், நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பியவற்றின் நகல்கள் அவை. அதையும் இப்போதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அசல் தொலைந்துபோன சில படங்கள் அங்கே மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஐபோன் என்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அமைப்புகளில் ‘போட்டோஸ்’ பகுதியில், கணினிக்கு மாற்றும் இடத்தில், ‘கீப் ஒரிஜினல்ஸ்’ என்று வையுங்கள். படங்கள் ஹெய்க் வடிவில் வரும், அப்படியே வரட்டும், ஜேபெக்காக மாற்ற வேண்டாம். ‘ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்’ போட்டிருந்தால் போனில் இருப்பது சின்ன நகல் மட்டும்தான். அசல் ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடில் இருக்கும். அங்கிருந்துதான் இறக்க வேண்டும்.

கூகுள் போட்டோஸில் இருப்பதை மொத்தமாக இறக்க ‘கூகுள் டேக்அவுட்’ உண்டு. போட்டோஸை மட்டும் தேர்ந்தெடுத்து, 10 ஜிபி அளவுத் துண்டுகளாகக் கேளுங்கள். நம் ஊர் இணையத்துக்கு 50 ஜிபி துண்டு சரிப்படாது, அறுந்தால் மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டியிருக்கும். வருட வாரியான ஃபோல்டர்களும் ஆல்பம் ஃபோல்டர்களும் இரண்டுமே வரும், ஆல்பத்தில் இருக்கும் படம் வருட ஃபோல்டரிலும் இருக்கும். வருட ஃபோல்டர்களை மட்டும் டிக் செய்தால் இரட்டைகள் பாதி குறையும். கூடவே சின்னச் சின்ன ஜேசன் ஃபைல்கள் வரும். அவற்றில் தேதியும் இட விவரமும் இருப்பதால் குப்பை என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் ‘வாட்ஸ்அப்ல அனுப்புங்க’ என்று கேட்காதீர்கள். ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கூகுள் டிரைவ் இணைப்பு வாங்குங்கள். லீவுக்கு ஊருக்கு வரும்போது போனை அரைநாள் கடன் வாங்கி வயர் போட்டு எடுப்பதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழி. வந்த முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். கிளம்புகிற அன்று மிக்சரும் சிப்ஸும் கட்டுகிற அவசரத்தில் நடக்காது.

கல்யாண ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைன் ஃபைலை மட்டும் வாங்கி வந்திருப்பீர்கள். எடுத்த அசல் படங்கள் அத்தனையும் வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும், சீக்கிரமும் கேட்க வேண்டும். அடுத்த முகூர்த்தக் காலம் வந்தால் அவர்களுக்கும் டிஸ்கில் இடம் வேண்டுமே. பழைய டிவிடி படிக்கவில்லை என்றால் மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். வட்டமாகச் சுற்றித் துடைக்கக் கூடாது.

படி 2: தொடும் முன் ஒரு நகல்

‘வரவு’ முழுவதையும் அப்படியே இரண்டாவது டிஸ்குக்குக் காப்பி செய்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். டெராகாப்பி போன்ற மென்பொருளில் ‘வெரிஃபை’ போட்டால், காப்பி ஆனது அசலோடு ஒத்துப்போகிறதா என்று அதுவே சரிபார்க்கும். இனிமேல் முதல் டிஸ்கில் எதைக் குழப்பினாலும் பயமில்லை.

படி 3: இரட்டைகளை வடிப்பது

இரட்டை என்று பொதுவாகச் சொன்னாலும் மூன்று வகை இருக்கிறது, மூன்றுக்கும் வேறு வேறு வழி வேண்டும்.

ஒன்று, அச்சு அசலான இரட்டை. ஒரே ஃபைல் இரண்டு இடத்தில், பெயர் மட்டும் மாறி. மென்பொருள் ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்தையும் கணக்கிட்டு ஹாஷ் என்ற ஒரு நீளமான எண்ணை உண்டாக்கும். உள்ளே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். எண் ஒத்துப்போனால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துவிடலாம். டூப்குரு, ஆல்டப் இரண்டும் இதைச் செய்யும், இரண்டுமே இலவசம். பெயரையும் அளவையும் மட்டும் ஒப்பிடும் முறையைத் தவிர்த்து, உள்ளடக்கத்தை ஒப்பிடும் முறையையே தேர்ந்தெடுங்கள்.

டூப்குருவில் எனக்குப் பிடித்த வசதி, ஒரு ஃபோல்டரை ‘ரெஃபரன்ஸ்’ என்று குறிக்கலாம். குறித்துவிட்டால் அதிலிருந்து எதையும் அது அழிக்காது. கேமரா கார்டுகள், டிசிஐஎம் ஆகியவற்றை ரெஃபரன்ஸாக வைத்துவிட்டு மற்றவற்றைத் தேட விடுங்கள்.

இரண்டாவது வகை, ஒரே படம் வேறு அளவில். போனில் 4000 பிக்சல், வாட்ஸ்அப்பில் போய் வந்தது சுமார் 1600 பிக்சல். ஹாஷ் ஒத்துப்போகாது. இதற்கு டூப்குருவின் ‘பிக்சர்’ முறை, அல்லது டிஜிகேம் என்ற, படங்களை அடுக்கி நிர்வகிக்கும் மென்பொருளில் உள்ள இரட்டை தேடும் கருவி. டூப்குருவில் ‘வேறு அளவுப் படங்களையும் பொருத்து’ என்ற தேர்வை டிக் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வாட்ஸ்அப் நகல்கள் மாட்டாது. எவ்வளவு ஒத்திருந்தால் இரட்டை என்று கொள்வது என்ற கண்டிப்பு அளவை மேலே வைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

இங்கேதான் நிதானம் வேண்டும். ரிசப்ஷன் மேடைப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பூ அலங்காரம், அதே வெளிச்சம், நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும் அதே இடத்தில்; மாறுவது பக்கத்தில் நிற்கும் குடும்பம் மட்டும். கண்டிப்பைத் தளர்த்தினால் மென்பொருளுக்கு இவை எல்லாம் ஒரே படமாகத் தெரியும். மொத்தமாக டிக் செய்து அழித்தால் குளச்சல் சித்தி குடும்பம் இருக்கும், குலசேகரம் மாமா குடும்பம் காணாமல் போயிருக்கும். கல்யாண ஃபோல்டர்களை இந்த இரண்டாம் தேடலில் சேர்க்காமல் விட்டுவிடுவதே என் யோசனை. கொடியேற்றம், தேர், சப்பரம் போன்ற படங்களிலும் இதே தொல்லை வரும்.

எதை வைத்துக்கொள்வது? பிக்சல் அதிகமானது முதலில். பிக்சல் சமமென்றால், எடுத்த தேதியும் கேமரா விவரமும் உள்ளே இருப்பது. வாட்ஸ்அப் இந்த விவரங்களை உருவிவிடும், அதனால் எது அசல் என்று கண்டுபிடிக்க இதுவே நல்ல அடையாளம். பிரித்தெடுத்தவற்றை நேராக அழிக்காதீர்கள். ‘சந்தேகம்’ என்ற ஃபோல்டருக்கு நகர்த்தி, எல்லா வேலையும் முடிந்து சில மாதம் கழித்து அழியுங்கள்.

மூன்றாவது வகை, ஒரே காட்சியை அடுத்தடுத்து எடுத்த ஏழெட்டுப் படங்கள். கன்னியாகுமரியில் சூரியன் உதிக்கிறதை எடுக்கப்போனவர் யாரும் ஒரு படத்தோடு திரும்பியது இல்லை. இவை இரட்டைகள் அல்ல, மென்பொருள் முடிவு செய்யவும் முடியாது. டிஜிகேமில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நல்லதாக ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளலாம். எனக்குக் கேட்டால், இதற்கு நேரம் செலவிடுவது வீண். இடம் மலிவு, உங்கள் ஞாயிற்றுக்கிழமை மலிவல்ல.

காலை வணக்கப் படங்கள், பூ, சாமி, பொன்மொழி? அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் ஒரே இடத்தில் வந்து விழும். அள்ளி எறியுங்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஆதார், பாஸ்போர்ட், பேங்க் பாஸ்புக் படங்களும் கலந்திருக்கும். அவற்றைத் தனி ஃபோல்டரில் எடுத்து வைத்து, குடும்பப் படங்களோடு சேர்த்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ஐபோனின் லைவ் போட்டோவில் ஒரு படமும் ஒரு குட்டி வீடியோவும் ஒரே பெயரில் இருக்கும். கேமராவில் ரா என்ற பதப்படுத்தாத வடிவமும் ஜேபெக்கும் சேர்ந்து வரும். அவை ஜோடிகள், பிரிக்க வேண்டாம்.

படி 4: தேதியைச் சரிசெய்வது

கேமராவிலோ போனிலோ எடுத்த ஒவ்வொரு அசல் படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்ற குறிப்பு இருக்கும். எடுத்த நாள், நேரம், கேமரா, சில வேளை இடமும். விண்டோஸில் தெரிகிற ‘மாற்றப்பட்ட தேதி’ வேறு, அது காப்பி, திருத்தம் என்று பல காரணத்தால் மாறும். ‘எடுத்த தேதி’யை மட்டும் நம்புங்கள்.

அதுவும் தவறாக இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. பேட்டரி தீர்ந்து கிடந்த பழைய கேமரா ஜனவரி 1 என்றே எல்லாப் படத்திலும் போட்டிருக்கும். வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கேமராவில் அந்த ஊர் நேரமே ஓடிக்கொண்டிருக்கும்: அமீரகம், ஓமன் என்றால் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னே, சவூதி, கத்தார், குவைத் என்றால் இரண்டரை மணி நேரம் பின்னே. ஒரே கல்யாணத்தை இரண்டு கேமராவில் எடுத்திருந்தால், தாலி கட்டுவதும் அதற்கு முந்தைய சடங்கும் தலைகீழாக வரிசையாகும். டிஜிகேமில் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இத்தனை மணி நேரம் முன்னே தள்ளு என்று சொல்லலாம். எக்ஸிஃப்டூல் இதைவிடச் சக்திவாய்ந்தது, ஆனால் கட்டளை தட்டத் தெரிந்தவர்களுக்கு.

வாட்ஸ்அப் படத்துக்குள் எடுத்த தேதி இருக்காது. ஆனால் ஆண்ட்ராய்டில் அதன் பெயரில் 20190412 என்பது போல் எட்டு இலக்கம் இருக்கும், அது போனுக்கு வந்த நாள். எடுத்த நாள் அதற்கு முன்பு எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். குறைந்தபட்சம் வருடத்தை ஊகிக்க உதவும்.

அச்சுப் படங்களை ஸ்கேன் செய்யும்போது 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200. கண்ணாடியோடு ஒட்டிவிட்ட படத்தைப் பிய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள், முகம் கண்ணாடியில்தான் தங்கும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், அல்லது ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் போனில் எடுங்கள். பின்பக்கத்தையும் மறக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் அங்கேதான்.

அந்தத் தேதியில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு புதிர் வரும். முதலில் திருவிதாங்கூர் சீமையிலும், 1949 முதல் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த பகுதி இது. அதனால் பழைய படங்களின் பின்னால் 1128, 1131 என்று, அங்கே புழங்கிய கொல்லம் ஆண்டு எழுதியிருக்கும். அதை ஆங்கில வருடமாக்க, ஆவணி தொடங்கி டிசம்பர் வரை 824-உம், ஜனவரி முதல் ஆடி முடிய 825-உம் கூட்டுங்கள். 1131 என்றால் 1955 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1956 ஆகஸ்ட் நடு வரை. மாதம் தெரியாவிட்டால் ‘1955-56’ என்றே பெயரில் போட்டு வையுங்கள்.

தேதியே இல்லாத படத்துக்குப் பெரியவர்கள்தான் துணை. ‘இது எந்த வருஷம்?’ என்று கேட்டால் பதில் வராது. ‘இது சித்தப்பா கல்யாணத்துக்கு முந்தியா பிந்தியா, ஓட்டு வீடு இருக்கும்போதா, கான்கிரீட் போட்ட பிறகா’ என்று கேளுங்கள், கதையோடு சேர்ந்து வருடமும் வரும்.

படி 5: பெயரும் அடுக்கும்

வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் விசேஷத்துக்கு ஒன்று. இதற்கு மேல் ஆழம் வேண்டாம். பெயரை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள்: ‘2018-05-20 பால்காய்ச்சு தக்கலை’, ‘2022-12-03 கோட்டாறு சவேரியார் திருவிழா’, ‘2023-03 மண்டைக்காடு கொடை’. இப்படி எழுதினால் கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கும். நாளை முன்னால் போட்டால் எல்லா வருடத்து ஒன்றாம் தேதியும் ஒன்றாகக் கூடிவிடும். விசேஷம் எதுவும் இல்லாத சில்லறைப் படங்களை ‘2018-06 பலதும்’ என்று மாதத்துக்கு ஒரு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். தமிழ்ப் பெயர் கணினியில் நன்றாகவே வேலை செய்யும், சில பழைய டிவிக்களில் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

ஃபைல் பெயரையும் மாற்றலாம். டிஜிகேமில் எடுத்த நாள், நேரத்தைக் கொண்டு ஆயிரக்கணக்கான படங்களை ஒரே தடவையில் பெயர் மாற்ற முடியும். அதற்குப் பிறகு ஒரே பெயரில் இரண்டு படம் வருகிற தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

படி 6: யார் யார் என்று குறிப்பது

முகத்தைக் கண்டுபிடித்துப் பெயர் போடும் வசதி டிஜிகேமில் உண்டு. எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும், படம் வெளியே போகாது. அமைப்பில், பெயர்களை ஃபைலுக்குள்ளேயே எழுதச் சொல்லும் தேர்வை மறக்காமல் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கணினி போகிறபோது நீங்கள் உட்கார்ந்து குறித்த பெயர்களும் கூடவே போகும்.

பெயரை உறவுமுறையில் எழுதாதீர்கள். உங்களுக்கு மயினி, உங்கள் பிள்ளைக்கு அத்தை. அடுத்த தலைமுறையில் ‘பெரிய மாமா’ யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆளின் பெயர், கூட வீட்டுப் பெயரோ ஊரோ. கல்குளம், விளவங்கோடு பக்கம் வீட்டுப் பெயர் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் ஒரே பெயருள்ள நாலைந்து பேரைப் பிரிக்க அது வசதி.

கூடவே ‘மூத்தவர்கள்’ என்று ஒரு தனி ஃபோல்டர் போட்டு, வீட்டிலுள்ள ஒவ்வொரு பெரியவரின் தெளிவான அசல் படம் ஒன்றிரண்டை அதில் வையுங்கள். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு துஷ்டி (சாவு) வீட்டில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் போஸ்டர் அடிக்கப் படம் கேட்பார்கள். அப்போது எல்லோரும் வாட்ஸ்அப் குரூப்பில்தான் தேடுவார்கள். 8க்கு 10 அங்குலத்தில் தெளிவாக அச்சடிக்க 2400க்கு 3000 பிக்சல் வேண்டும். கூட்டத்தில் நிற்கும் ஒரு படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டினால், அதுவும் 1600 பிக்சல் படத்திலிருந்து வெட்டினால், என்ன மிஞ்சும்? அப்படிப்பட்ட படம் இல்லாவிட்டால் அடுத்த ஓணத்துக்கோ பொங்கலுக்கோ எல்லோரும் கூடும்போது திண்ணையில் உட்காரவைத்து ஒன்று எடுத்துவிடுங்கள்.

படி 7: பேக்கப்

புகைப்படக்காரர்களிடையே 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. பீட்டர் கிரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பியது. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். முதல் இரண்டையும் பலர் செய்துவிடுவார்கள். ‘வேறு இடம்’ என்பதில்தான் சோம்பல் வரும்.

நம் மாவட்டத்தில் அந்தச் சோம்பல் ஆகாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது, 2021 நவம்பர் மழையில் ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டிலும் நனைகிற மாவட்டம் இது. ஐப்பசி இடியில் வயரில் மாட்டிக்கிடந்த டிஸ்க் கருகலாம், கடற்கரை வீட்டு உப்புக்காற்றில் டிஸ்கின் பின்கள் துருப்பிடிக்கலாம். இரண்டு நகலும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். குளச்சலிலோ முட்டத்திலோ இருக்கிறவர் ஒரு டிஸ்கைக் குலசேகரம் பக்கம் உறவினர் வீட்டில் கொடுத்து வைக்கலாம். பேச்சிப்பாறை பக்கத்து ஆள் நாகர்கோவிலில் வைக்கலாம். இன்னும் நல்லது, சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பிள்ளையிடம் கொடுத்தனுப்புவது. ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த டிஸ்கும் கூட வரட்டும், புதுப் படங்களைச் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள்.

டிஸ்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, மேல்தட்டில் வையுங்கள். வேலை முடிந்ததும் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள். இடியிலிருந்தும் கணினி வைரஸிலிருந்தும் அதுவே பெரிய பாதுகாப்பு.

கிளவுட் என்ற இணையச் சேமிப்பிடம் மூன்றாவது நகலாக இருக்கலாம், ஆனால் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். கூகுள் போட்டோஸ், ஐகிளவுட் போன்றவை போனோடு ஒத்திசைந்து ஓடுபவை. போனில் அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத் தொட்டியில் சில வாரம் இருந்துவிட்டு முழுக்கப் போய்விடும். அதனால் அதை மட்டும் நம்பக் கூடாது. கூகுளில் அளவில்லா இலவச இடம் 2021 ஜூன் 1-ஓடு முடிந்தது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. ஐகிளவுடில் 5 ஜிபி. ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்று வைத்திருந்தால் படத்தைச் சுருக்கும், 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டதைக் குறைத்துவிடும். ‘ஒரிஜினல் குவாலிட்டி’ என்று மாற்றுங்கள். முதல் தடவை ஏற்ற நேரம் பிடிக்கும்: மேலேற்றும் வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் 100 ஜிபிக்குக் குறைந்தது 11 மணி நேரம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

டிஸ்கிலிருந்து டிஸ்குக்குப் புதியதை மட்டும் சேர்க்க ஃப்ரீஃபைல்சிங்க் உதவும். அதில் ‘மிரர்’ என்றால் அசலில் இல்லாததை நகலிலும் அழித்துவிடும். ‘அப்டேட்’ என்றால் சேர்க்க மட்டும் செய்யும். தொடக்கக்காரர்களுக்கு அப்டேட் போதும்.

படி 8: சோதித்துப் பார்ப்பது

பேக்கப் எடுத்தேன் என்பதும் அது திறக்கிறது என்பதும் ஒன்றல்ல. வருடத்துக்கு இரண்டு தடவை நகல் டிஸ்கை வேறொரு கணினியில் மாட்டி, வெவ்வேறு வருடங்களிலிருந்து இருபது முப்பது படங்களையும் சில வீடியோக்களையும் திறந்து பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும். மஞ்சள் நிறம் காட்டினால் அன்றைக்கே புது டிஸ்குக்கு மாற்றுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் அணைத்துவிடுங்கள், மறுபடி மறுபடி போட்டுப் பார்க்க வேண்டாம்.

இனிமேல்

வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள், இரட்டைகளின் ஊற்று அங்கேதான். மாதத்துக்கு ஒருமுறை போன் படங்களை ‘வரவு’க்கு எடுத்து, அடுக்கி, இரண்டு டிஸ்கிலும் சேர்ந்த பிறகுதான் போனிலிருந்து அழியுங்கள். டிஸ்க் எங்கே இருக்கிறது, கணக்கின் பெயர் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி நகை, பத்திரம் வைக்கிற இடத்தில் வையுங்கள். இரண்டு வருடம் யாரும் தொடாத கூகுள் கணக்கை அந்த நிறுவனம் நீக்கிவிடலாம். இறந்துபோனவரின் கணக்கில் படங்கள் இருந்தால் அதை யோசியுங்கள். ‘இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ என்ற வசதியில், கணக்கு செயல்படாமல் போனால் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

இவ்வளவும் செய்வதற்கு முன்பே கார்டில் இருந்ததை யாராவது அழித்துவிட்டார்களா? அந்தக் கார்டில் அதற்கு மேல் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். உடனே கழற்றிக் கணினியில் போட்டு, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மீட்டதை அதே கார்டில் சேமிக்காமல் வேறு டிஸ்கில் சேமிக்க வேண்டும். ஃபைல் பெயர்கள் எல்லாம் போய்விடும், ஆனால் எடுத்த தேதி பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். அதை வைத்துப் படி 4-லிருந்து தொடருங்கள்.